டிவிடி-ஆடியோ: எந்த ஃபோல்டரைக் காப்பி எடுக்கணும்?

களியக்காவிளைப் பக்கம் வருஷத்துக்கு ரெண்டு பருவமழை. அந்த ஈரத்துல அலமாரியில் கிடக்கும் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். வளைகுடாவிலிருந்து வந்த டிவிடி-ஆடியோ உங்க வீட்டில் இருந்தா, இப்பவே காப்பி எடுத்துடுங்க.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனல். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு 13.8 மெகாபிட். டிவிடி-ஆடியோவின் எல்லையோ 9.6தான். அதனால எதையும் இழக்காம சுருக்கும் எம்எல்பி முறையில் பதிச்சிருப்பாங்க.

இங்கதான் பலரும் ஏமாறுவாங்க. டிஸ்க்கில் ரெண்டு ஃபோல்டர் இருக்கும். 'வீடியோ_டிஎஸ்'ல பெரும்பாலும் சாதாரண ப்ளேயருக்கான, தரம் குறைஞ்ச டால்பி டிஜிட்டல்தான். ஒரிஜினல் ஒலி 'ஆடியோ_டிஎஸ்'ல.

டிஸ்க்கை நடுவிலிருந்து வெளிப்பக்கமா நேராத் துடைங்க. முழுசையும் ஐஎஸ்ஓவா எடுங்க. ஃபூபார்2000ல டிவிடி-ஆடியோ ப்ளக்இன் போட்டு, அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து, 24 பிட் ஃபிளாக்கா மாத்துங்க. சாம்பிள் ரேட்டையும் சேனல் எண்ணிக்கையையும் தொடாதீங்க. காப்பிப் பூட்டு உள்ள டிஸ்க்குக்கு இந்த வழி செல்லாது.

ஃபிளாக் எட்டு சேனல் வரை தாங்கும். அதிலிருந்து எம்பி3 எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எம்பி3யில போனது திரும்பி வராது.