தீபாவளிக்கு வெள்ளையடித்ததும் லயத்து வீடு பெரிதானது எப்படி?

சிரம்பானைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில், லயத்து வீட்டில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் தீபாவளிக்கு வெள்ளையடித்த மறுநாள் நினைவிருக்கும். நேற்றுவரை நெருக்கிய அறை, இன்று அகன்று தெரியும். சுவர்ப் பலகை ஓரங்குலம்கூட நகரவில்லை. பின் எப்படி?

ஒரு பந்தைச் சிமெண்டுச் சுவரில் எறியுங்கள், திரும்பி வரும். சாக்கு மூட்டையில் எறிந்தால் தொப்பென்று விழும். ஒளியும் அப்படித்தான். அடுப்புப் புகை படிந்த பலகை, விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நல்ல வெள்ளைச் சுவரோ முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும்.

அந்த ஒளி சுவருக்குச் சுவர் தாவி, இருண்ட மூலையையும் எட்டும். இங்கேதான் மூளை ஏமாறுகிறது. மூலையில் விழும் நிழலும் அதற்கு ஓர் அடையாளம்: ‘அறை இங்கே முடிகிறது.’ நிழல் வெளுத்ததும் எல்லைக்கோடு மங்கும். சுவர் பின்வாங்கியதுபோல் தோன்றும்.

சரி, கண்ணாடி மாட்டினால்? எதிரே 10 அடி தள்ளியிருக்கும் சன்னல், கண்ணாடிக்குப் பின்னால் 10 அடி ஆழத்தில் தெரியும். வெளியே நிற்கும் பால்மரங்களும் வீட்டுக்குள் வந்துவிடும்!

இப்போது அடுக்குமாடியில் குடியிருக்கிறீர்களா? கண்ணாடியைச் சன்னலுக்கு எதிரே மாட்டுங்கள். மடிக்காத துணிக்கு எதிரே மாட்டினால், குவியல்தான் இரண்டாகும்!