இல்லத்துச் செவியும் அரங்கத்துச் செவியும்

கருநாடக இசையை இடைவிடாது கேட்டுவரும் சென்னை ரசிகர் ஒருவரின் ஆண்டு இன்று சமமற்ற இரு கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. மார்கழியை ஒட்டிய சில வாரங்களில் அவர் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், இராயப்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள சபாக்களுக்கு நாள்தோறும் சென்று கலைஞர்களை நேரில் கேட்கிறார். எஞ்சிய மாதங்களில் கைப்பேசியும் யூடியூபும் வானொலியும் பழைய ஒலிப்பதிவுகளின் சேமிப்புமே அவருக்கு மேடையாக இருக்கின்றன. சபாக்களின் தோற்றத்தையும் கச்சேரி முறையின் வளர்ச்சியையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் ஆராய்ந்தன. மேடைக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் செவி எவ்வாறு பழக்கப்பட்டது, ஒலிப்பதிவு அதற்கு எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்க இயலாமல் நின்றது என்பவை இப்பகுதியின் பொருளாகும்.

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902-இல் கொல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாடல்களோடு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னகக் கலைஞர்களின் குரலும் தட்டில் ஏறியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும் என்பதால், கச்சேரியில் முக்கால் மணி நேரம் விரியும் ஒரு ராகமும் கிருதியும் தட்டில் சில சஞ்சாரங்களாகவும் விரைவுபடுத்தப்பட்ட சில அடிகளாகவும் சுருங்கின. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இதற்குத் தெளிவான சான்று. கோயில் வீதியுலாவில் சுவாமி புறப்பாட்டின்போது அவருடைய நாகஸ்வரத்திலிருந்து மணிக்கணக்கில் வளர்ந்த அந்த ராக ஆலாபனையை இரவு முழுவதும் நின்று கேட்டவர்கள் தஞ்சைப் பகுதியில் திரளாக இருந்தனர்; அவருடைய தோடி இசைத்தட்டு தமிழகமெங்கும் புகழ்பெற்று, அவரை நேரில் ஒருமுறையும் காணாதவர்களிடமும் அந்த ராகத்தைக் கொண்டு சேர்த்தது. ஆலாபனை என்பது பாட்டின் சொற்களோ தாளக்கட்டோ இல்லாமல் ராகத்தின் உருவத்தைச் சிறிது சிறிதாகக் கட்டி எழுப்பும் பகுதி. அதன் அழகில் பெரும்பங்கு காத்திருத்தலில் இருக்கிறது. தட்டு அந்தத் தோடியின் சாற்றைத் தந்தது என்பது உண்மை. அந்தக் காத்திருத்தலை அதனால் தர முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

வானொலி இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கப்பெற்றபின், சபாக்களுக்குச் செல்லும் வசதியற்ற சிற்றூர்களிலும் அரைமணி, ஒருமணிக் கச்சேரிகள் ஒலித்தன. ரசிகர்கள் நிகழ்ச்சி நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்டனர். பின்னர் வந்த நீள்தட்டும் கேசட்டும் கேட்கும் நேரத்தைக் கேட்பவரின் கையில் ஒப்படைத்தன. இன்றோ, வானொலிப் பதிவுகளையும் தனியார் சேமிப்பிலிருந்த கச்சேரிப் பதிவுகளையும் தன்னார்வலர்கள் திரட்டி வணிக நோக்கமின்றிப் பகிரும் சங்கீதப்பிரியா போன்ற முயற்சிகளின் பயனாக, அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட முழுக் கச்சேரிகளும் வீட்டிலேயே கிடைக்கின்றன. செம்மங்குடி சீனிவாச ஐயரின் கரகரப்பிரியாவையும் டி.பிருந்தாவின் பதங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு முந்தைய தலைமுறையின் எந்தச் செல்வருக்கும் இருந்ததில்லை. ஒலிப்பதிவைக் குறைத்து மதிப்பிடும் போக்கு இசை வட்டாரத்தில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அது நன்றி மறந்த போக்கு என்றே கூற வேண்டும்.

ஒலிப்பதிவு சிறந்த ஆசிரியராக விளங்கும் இடம் ராக அறிமுகமாகும். ஆரபி, தேவகாந்தாரி என்னும் இரு ராகங்களை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டும் 29-ஆவது மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தில் பிறந்தவை. மேளகர்த்தா என்பது ஏழு சுரங்களையும் முழுமையாகக் கொண்ட 72 தாய் ராகங்களுள் ஒன்று. ஏறுவரிசையில் இரண்டுமே காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விட்டுச் செல்கின்றன. இறங்குவரிசையில் இரண்டும் ஏழு சுரங்களையும் தொடுகின்றன. தாளில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு புலப்படுவதில்லை. செவிக்கோ அவை இருவேறு ஆளுமைகள். ஆரபி நிமிர்ந்த, விரைந்த நடையுடையது. காந்தாரமும் நிஷாதமும் அதில் நொடிப்பொழுது தொடப்பட்டு மறைகின்றன. தேவகாந்தாரியோ ரிஷபத்தை அசைத்து நீட்டி, காந்தாரத்தில் சற்றுத் தங்கி, நிதானமாக நடக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணமான கமகத்தை, அதாவது ஒரு சுரத்தை அதன் அண்டைச் சுரங்களை நோக்கி அசைத்தும் வளைத்தும் ஒலிக்கும் முறையை, எந்த விளக்கவுரையும் செவிக்குள் ஏற்றிவிட முடியாது. இரு ராகங்களிலும் அமைந்த பாடல்களை மாற்றி மாற்றிப் பலமுறை கேட்டு, ஒரே வரியைத் திரும்ப ஓடவிட்டு, உடன் முணுமுணுத்துப் பார்த்தே ஒருவர் அதை அடைகிறார். மேடைக் கலைஞர் திரும்பப் பாடமாட்டார். பதிவு சலிக்காமல் திரும்பப் பாடும். குருவிடம் அமர்ந்து கற்கும் பேறு வாய்க்காத ரசிகருக்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும் இந்த ஆசிரியருக்கு ஓர் எல்லை உண்டு. கருநாடகக் கச்சேரியின் உயிர்நிலை மனோதர்மம் எனப்படும் கற்பனை இசையில் இருக்கிறது. ஆலாபனை அதன் முதல் வடிவம். பாடலின் ஒரு வரியை எடுத்து, சொற்கள் தாளத்தில் விழும் இடங்கள் மாறாமல் இசையை மட்டும் புதிது புதிதாக அமைத்துச் செல்லும் நிரவல் மற்றொன்று. சரிகம என்னும் சுர எழுத்துகளையே அந்தக் கணத்தில் கோத்து, பாடல்வரி தாளத்தில் தொடங்கும் புள்ளியாகிய எடுப்பில் கொண்டுவந்து சேர்க்கும் கற்பனைசுரம் இன்னொன்று. இவை எழுதி வைத்துப் பாடப்படுவன அல்ல என்பதே இவற்றின் இலக்கணம். முதல்முறை கேட்கும்போது கற்பனையாக இருந்த ஒரு நிரவல் பதிவில் பத்தாவது முறை கேட்கப்படும்போது, கேட்பவரின் மனத்தில் கிருதியைப் போலவே இறுகிய உருப்படியாகிவிடுகிறது. அடுத்து எந்தச் சங்கதி வரும் என்பதை அவர் முன்னரே அறிவார். பாடகர் ஒரு சொற்றொடரைப் பாதியில் நிறுத்தி, வயலின் கலைஞர் அதை எப்படித் தொடர்கிறார் என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு எதிர்பாராத திசையில் நகரும்போது அரங்கில் எழும் பதைப்பு, முடிவு தெரிந்த பதிவில் எழ வாய்ப்பில்லை.

இதிலிருந்து இன்னொரு சிக்கலும் பிறக்கிறது. ஆண்டு முழுவதும் மேதைகளின் தேர்ந்தெடுத்த பதிவுகளைக் கேட்டுப் பழகிய செவி, மார்கழியில் இளைய கலைஞர் ஒருவரின் காம்போதியைக் கேட்கும்போது, அவர் பாடுவதைக் கேட்காமல், மனத்திலிருக்கும் பதிவுக்கும் அவர் பாடுவதற்கும் இடைப்பட்ட தொலைவையே அளக்கத் தொடங்குகிறது. அந்தப் பதிவுகள் எவ்வளவோ கச்சேரிகளுள் சிறந்தவை என்பதாலேயே பாதுகாக்கப்பட்டவை. அந்த மேதைகளுக்கும் குரல் அமையாத மாலைகள் இருந்திருக்கும், அவற்றை எவரும் சேமித்து வைக்கவில்லை. வடிகட்டிய இறந்தகாலத்தோடு வடிகட்டாத நிகழ்காலத்தை ஒப்பிடுவது எந்தக் கலைக்கும் நீதியாகாது. ‘அந்தக் காலம் போல இல்லை’ என்னும் தீர்ப்பு மேடைக்கு வந்து சேரும்போது, கலைஞர்களும் துணிவதைக் கைவிட்டு, பதிவுகளில் கேட்டுப் பழகிய பாதுகாப்பான சங்கதிகளுக்குள் ஒதுங்குகின்றனர். ரசிகரின் செவி குறுகும்போது இசையும் குறுகிவிடுகிறது.

ஒலிபெருக்கியைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும், ஏனெனில் நேரில் கேட்பதாகக் கருதப்படும் இசையும் இன்று பெரும்பாலும் ஒலிபெருக்கியின் வழியே வருவதுதான். மைக் வருமுன் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டுவதற்காகப் பாடகர்கள் உச்ச சுருதியில் பாடினர். மைக் வந்தபின் சுருதி தாழ்ந்தது, மென்மையான நுணுக்கங்களும் மேடையேறின. இது நன்மையே. ஆனால் வீணை தனம்மாள் (1867–1938) தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அந்த மெல்லிய நாதத்தைக் கேட்க வந்தவர்கள் அசைவின்றி அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. அங்கே மௌனமும் இசையின் பகுதியாக இருந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக் வைத்த மேடைகளில் வாசிக்க மறுத்து நின்ற காலமும் உண்டு. இடப்புறத் தோலிலிருந்து எழும் கும்கி என்னும் குழைந்த ஒலியை ஒலிபெருக்கி வெறும் அதிர்வாக்கிவிடுகிறது என்பதை மிருதங்கத்துக்கு அருகில் அமர்ந்து ஒருமுறை கேட்டவர் உணர்வார். இன்றும் லஸ் பகுதியின் ராகசுதா போன்ற சிறிய அரங்குகளில் ஒலியளவு பெரிய அரங்குகளை விட மனிதத்தன்மையோடு இருக்கிறது. ஒலிபெருக்கியே இல்லாமல் கச்சேரி நடத்தும் அமைப்புகளும் தோன்றியுள்ளன. இவை பழைமை விருப்பத்தால் எழுந்த முயற்சிகள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. காதொலிப்பானுக்குப் பழகிய ஒரு தலைமுறைக்குத் தம்பூராவின் உண்மையான நாதம் எத்தகையது என்பதைக் காட்டும் இடங்கள் இவையே.

அரங்குக்குச் செல்பவரின் பழக்கங்களுள் உடனே திருத்தத்தக்கது ஒன்று உண்டென்றால், அது தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து செல்வதாகும். முதன்மை உருப்படி முடியும் தறுவாயில் பாட்டு நின்று, மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் தாளத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் உரையாடும் பகுதி இது. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணல், பின்னர் தட்டும் வீச்சுமாக இருமுறை எனக் கையில் போட்டுக்கொண்டே கேட்பவருக்கு, இரு கலைஞர்களும் மாறி மாறி வாசிக்கும் சுற்றுகள் முழு ஆவர்த்தனத்திலிருந்து பாதியாகவும் பின்னர் காலாகவும் சுருங்கும் குறைப்பும், மும்முறை வந்து எடுப்பில் துல்லியமாக இறங்கும் கோர்வையும் பெரும் விருந்தாகும். வணிக ஒலிநாடாக்கள் பலவற்றில் இப்பகுதி சுருக்கப்பட்டது அல்லது விடப்பட்டது. வீட்டில் கேட்பவரும் திரையைத் தொட்டு இதைக் கடந்து செல்கிறார். அந்தப் பழக்கமே அரங்கில் சிற்றுண்டிக்கான இடைவேளையாக வெளிப்படுகிறது. கடவித்வான் கோர்வையை முடிக்கும் கணத்தில் எதிரே வெற்று நாற்காலிகள் இருப்பது அக்கலைக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

நேரக்கணக்கும் மாறிவிட்டது. முன்பு நான்கு மணி நேரத்துக்கு மேலும் நீண்ட கச்சேரி இன்று பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. அதற்குள்ளும் ஒரு சபாவில் முற்பாதியையும் மற்றொன்றில் பிற்பாதியையும் கேட்கும் ரசிகர்கள் உள்ளனர். 1928-இல் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாதெமியின் மாலைக் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டுக் கிடைக்கவில்லை என்று வருந்துவோரும் ஏராளம். பெருந்தொற்றால் 2020-இன் மார்கழிக் கச்சேரிகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது, உலகின் எந்த மூலையிலிருப்பவரும் அவற்றைக் கேட்க முடிந்தது. அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது, முதியோருக்கும் வெளிநாடுகளில் வாழ்வோருக்கும் அது பெருங்கொடை. ஆனால் சென்னையிலேயே இருந்து, உடல்நலமும் ஓய்வும் வாய்த்தும், திரையோடு நின்றுவிடுபவர் இழப்பது சிறிதன்று.

பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பாடுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள்; பதிவுகளில் இடம்பெறாதவர்கள், எந்த ஒப்பீட்டுக்கும் இன்னும் ஆளாகாதவர்கள். எதிரே அமர்ந்திருப்பவர் தலையசைப்பது மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவில்தான் அங்கே கூட்டம் இருக்கும், அந்தத் தலையசைப்பால் ஒரு நிரவல் இன்னும் இரண்டு சுற்று நீள்வதும் உண்டு. வரும் மார்கழியில் ரசிகர்கள் ஒரு பிற்பகலையேனும் இத்தகைய கச்சேரி ஒன்றுக்கு ஒதுக்கி, வர்ணம் தொடங்கும் முன்பே சென்று அமர்ந்து, தனி ஆவர்த்தனத்தில் எழாமல், மங்களம் பாடி முடியும்வரை இருந்து கேட்க வேண்டும்.