கோதுமை ஒவ்வாதோர்க்குத் தேங்காய் மா மஃபின்

இலங்கையின் அடுக்களைகளில் நாள் தவறாது நிகழும் செயல் ஒன்று உண்டு. தேங்காயைத் திருவலையில் துருவி, நீர் விட்டுப் பிசைந்து, முதற்பாலும் இரண்டாம் பாலும் பிழிந்தெடுப்பர். பால் கறிக்குச் செல்லும். எஞ்சிய சக்கை கோழிக்கோ குப்பைக்கோ செல்லும். அந்தச் சக்கையை உலர்த்தி நுண்ணிதாக அரைத்தால் கிடைப்பதே தேங்காய் மா. கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்கவேண்டிய நிலையில் உள்ளோர்க்கு இம்மா பெருந்துணையாகின்றது. இதனைக் கொண்டு மஃபின் என்னும் சிறு கேக்கினைச் சுடும் முறை எளிது. ஆயினும் கோதுமை மாவைக் கையாளும் பழக்கத்தை அப்படியே இதற்குப் பொருத்தினால் முயற்சி வீணாகும். காரணத்தை அறிந்து செய்வோர்க்கே பதம் கைகூடும்.

கோதுமையை விலக்கவேண்டியோர் யாவர்? சீலியாக் என்னும் நோய் உடையோர் அவர்களுள் முதன்மையானோர். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் புரதம் உள்ளது. இந்நோயாளர் அதனை உட்கொள்ளும்போது, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதன் பயனாக வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், இரத்தச்சோகை, மெலிவு முதலியன தோன்றலாம். குழந்தைகளாயின் வளர்ச்சி குன்றும். உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. இதற்கு இன்று நிலைநாட்டப்பட்ட மருத்துவம் ஒன்றே: குளூட்டனை முற்றாக விலக்கிய உணவு.

இவ்வுண்மை எளிதில் வெளிப்பட்டதன்று. 1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணம் காண வழியுண்டாயின் அது உணவினாலேயே ஆகவேண்டும் என்று கருதினார். எந்த உணவு பகை என்பதை அவர் அறிந்திலர். 1924இல் நியூயோர்க் மருத்துவர் சிட்னி ஹாஸ், நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்தும் பாணை நீக்கியும் நலம் கண்டார். பெருமை வாழைப்பழத்துக்குச் சென்றது. உண்மையில் நலம் தந்தது பாணின் நீக்கமே. ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே, பாணை நிறுத்தினால் இக்குழந்தைகள் தேறுவதைப் போருக்கு முன்னரே கவனித்து வந்தார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்கள் தூலிப் பூச்செடியின் கிழங்கையும் உண்டு உயிர் பிழைத்த காலம் அது. பாண் அரிதான அந்நாட்களில் சீலியாக் குழந்தைகள் தேறினர் என்பதும், பாண் மீண்டும் கிடைத்தபோது நோய் திரும்பிற்று என்பதும் மருத்துவ வரலாற்றில் பெரிதும் எடுத்துரைக்கப்படும் செய்தி. 1950இல் டிக்கே தமது ஆய்வுரையை உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் அளித்தார். தீங்கு செய்வது கோதுமையின் புரதப் பகுதியே என்பதை அவரும் அவர்தம் துணைவரும் பின்னர் நிறுவினர்.

இனி அடுக்களைக்கு வருவோம். குளூட்டன் சிலருக்குப் பகையாயினும், வெதுப்புவோருக்கு அது பேருதவி. கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, ஓடும் நீரில் நெடுநேரம் கசக்கிக் கழுவினால் மாப்பொருள் பாலைப்போல் கரைந்து போய்விடும். கையில் எஞ்சுவது இறப்பரைப் போல் இழுபடும் ஒரு கட்டி. அதுவே குளூட்டன். மாவினுள் அது வலைபோல் பரந்து நிற்கின்றது. நொதியமோ பேக்கிங் பவுடரோ உண்டாக்கும் வாயுவை அவ்வலை பிடித்து வைத்துக்கொள்கின்றது. பாண் பொங்குவதும், பின் அமுங்காது நிற்பதும் இதனாலேயே.

தேங்காய் மாவில் இந்த வலை இல்லை. அதில் மிகுந்திருப்பது நார். எடையில் மூன்றிலொரு பங்களவு நாரே எனலாம். நார் நீரை ஆவலோடு உறிஞ்சும். ஆதலின், கோதுமை மா ஒரு கோப்பைக்குப் பதிலாகத் தேங்காய் மா ஒரு கோப்பை இட்டால், கிடைப்பது கேக்கு அன்று. வாயில் ஒட்டும் உலர்ந்த துகளே. கோதுமை மா இடும் அளவில் நான்கிலொரு பங்கு அல்லது மூன்றிலொரு பங்கு தேங்காய் மாவே போதும். வலையின் தொழிலை முட்டை ஏற்கின்றது. முட்டையின் புரதம் வெப்பத்தில் இறுகும்போது துகள்களைப் பிணைத்து, வாயுக் குமிழிகளைச் சூழ்ந்து உறைகின்றது. முட்டையைக் குறைத்துச் சிக்கனம் பார்க்க இவ்வுணவில் இடமில்லை.

பெரிய பாணாகச் சுடாமல் மஃபினாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். பெரிய பாண் தன் பாரத்தைத் தானே தாங்கவேண்டும். அதற்கு உறுதியான வலை வேண்டும். சிறு கிண்ணத்தில் வார்க்கும் மாவையோ கிண்ணத்தின் சுவரே தாங்குகின்றது. வெப்பமும் நடுப்பகுதிக்கு விரைவில் சென்று சேருகின்றது.

தேங்காய் மா கடைகளில் விற்கப்படுகின்றது, வீட்டிலும் செய்துகொள்ளலாம். பால் பிழிந்த சக்கையை அன்றே உலர்த்தவேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஈரச் சக்கை விரைவில் புளித்துவிடும். தட்டில் மெல்லிதாகப் பரப்பி, 80 பாகை செல்சியஸ் அளவான இளஞ்சூட்டில் இடையிடையே கிளறி, கையில் எடுத்தால் மணல்போல் உதிரும்வரை உலர்த்துக. பின் அரைத்து அரிதட்டில் அரித்து, காற்றுப் புகாத போத்தலில் இடுக. வீட்டில் அரைத்த மா சற்றுப் பருமனாயிருக்கும். நீரையும் சிறிது குறைவாகவே உறிஞ்சும். சக்கையை ஊர் ஆலைக்கு அனுப்புதல் தகாது. முன்னர் அரைத்த கோதுமையின் எச்சம் அதில் கலந்துவிடும்.

எட்டு அல்லது ஒன்பது மஃபின்களுக்கு வேண்டியவை இவை: தேங்காய் மா 75 கிராம், முட்டை நான்கு, நன்கு கனிந்து தோலுரித்த வாழைப்பழம் 200 கிராம், தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கித்துள் பாணி மூன்று மேசைக்கரண்டி, குளூட்டன் சேராத பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலப்பொடி சிறிது, பதம் பார்த்துச் சேர்க்கத் தேங்காய்ப்பால் சில கரண்டி.

முதலில் போறணையை 180 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி வைக்கவேண்டும். வாழைப்பழத்தைக் கட்டியின்றி மசித்து, முட்டை, எண்ணெய், பாணி ஆகியவற்றுடன் நன்றாக அடிக்கவேண்டும். மா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றை ஒன்றாக அரித்து அதிற் சேர்த்துக் கட்டி கரையுமளவும் கலக்குக. கோதுமை மஃபினை மிகுதியாகக் கலக்கினால் குளூட்டன் இறுகி மஃபின் கடினமாகும் என அஞ்சுவர். இங்கே அவ்வச்சம் இல்லை. கலவையை ஐந்து நிமிடம் அசையாது வைத்தால் மா ஈரத்தை உறிஞ்சித் தடிக்கும். அதன் பின்னரே பதம் பார்த்தல் வேண்டும். கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதம் நன்று. விழாது ஒட்டி நின்றால் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். கடதாசி இட்ட கிண்ணங்களில் முக்காற்பங்கு நிரப்பி, 20 முதல் 25 நிமிடம் சுடுக. நடுவில் குத்திய ஈர்க்கு ஒட்டாது வெளிவந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு உடைத்தால் உதிரும், ஆறவிட்டே எடுக்கவேண்டும். போறணை இல்லாத வீட்டில் இதே கலவையைச் சிறு கிண்ணங்களில் வார்த்து நீராவியில் அவிக்கலாம். மேற்புறம் சிவக்காது, எனினும் உண்ணத்தக்க மென்மை கிட்டும்.

இவ்வுணவு உடல்நலத்துக்கு உகந்ததா என்னும் வினாவுக்கும் நேர்மையான விடை வேண்டும். நாரும், முட்டையின் புரதமும் இதில் நிறைந்துள்ளன. ஆயினும் தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. பாணியும் கனிந்த பழமும் இனிப்பே. நீரிழிவு உடையோர் அளவறிந்து உண்ணவேண்டும். குளூட்டன் இல்லை என்பதனால் மட்டும் ஒரு பண்டம் மருந்தாகிவிடாது. கோதுமை ஒத்துக்கொள்ளும் ஒருவர் அதனை விலக்குவதால் தனி நன்மை ஏதும் இல்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சீலியாக் நோய் என ஐயுற்றோர், இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தென்படாமற் போகலாம்.

நோய் உறுதியானபின் விழிப்பு முழுமையாக வேண்டும். குளூட்டன் அற்ற உணவு எனப் பெயரிட, ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது பன்னாட்டு உணவு நியமம். கோதுமை மா படிந்த அரிதட்டோ, பாண் வெட்டிய கத்தியோ அவ்வெல்லையைக் குலைக்கப் போதுமானவை. அரிசி, குரக்கன், சோளம், உழுந்து ஆகியவற்றில் இப்புரதம் இயல்பாக இல்லை. ஆனால் கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் கோதுமை மா கலந்திருக்கலாம். ரவை கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும், சோயாச் சாற்றிலும் கோதுமை மறைந்திருப்பது உண்டு. பேக்கிங் பவுடரின் உறையையும் வாசித்தே வாங்கவேண்டும்.

இத்தனை கவனமும் ஒரு சிறு பண்டத்துக்கா எனச் சிலர் வினவக்கூடும். பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் பணிசும் கேக்கும் பகிர்ந்துண்ணும்போது, ஒரு பிள்ளை மட்டும் கைகட்டி நிற்கின்றது. பிறந்தநாள் வீட்டில் அதற்கு மட்டும் தட்டு வெறுமையாகின்றது. ஆசையால் ஒருநாள் மறைவில் உண்டாலோ நோய் மீளுகின்றது. அப்பிள்ளையின் கையில் மற்றவர் உண்பதையொத்த ஒரு மஃபினை அச்சமின்றிக் கொடுக்க முடியுமாயின், பத்தியம் தண்டனையாகத் தோன்றாது. அதை மற்றப் பிள்ளைகளும் விரும்பிக் கேட்பர். நாள்தோறும் நாம் கொட்டும் சக்கையில் அதற்கான மா இருக்கின்றது.