வெல்லத்துக்கு அடங்காத தூசி: வீட்டுப் பட்டறை வைப்பவர்கள் கவனத்துக்கு

விடாத இருமலோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்பதைத்தான். வங்கி, பள்ளிக்கூடம், கடை என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடி அறையில் மரம் இழைப்பதையும், ராத்திரியில் தோல் பைக்குப் பசை தடவுவதையும் யாரும் சொல்வதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது வேலையே இல்லை, பொழுதுபோக்கு. நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நோயாளி சொல்லாமல் விடும் இந்த ஒரு தகவலால் மாதக்கணக்கில் தப்பான மருந்து உள்ளே போகிறது.

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் போன்ற ஊரில் கைவேலை புதிதல்ல. படகுக்கு மரம் செதுக்கிய கைகள் இங்கே உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி செய்தவர்கள் வாழ்ந்த அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறது. தோல் பைகளுக்குப் பெயர் பெற்ற ஹைடிசைன் நிறுவனத்தை 1978-ல் திலீப் கபூர் சிறிய பட்டறையாகத் தொடங்கியதும் புதுச்சேரியில்தான். கைவேலை ஆசையில் வீட்டிலேயே பட்டறை போட நினைப்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. எங்கே போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் கவலை.

நாற்பது ஆண்டு கழித்துத் தெரிந்த உண்மை

இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலி, மேசை செய்வதற்குப் பெயர் போன ஊர். 1960-களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு ஒன்றைக் கவனித்தார். மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோயோடு வந்தவர்களில் பலர் தச்சர்கள். 1970-ல் நார்த்தாம்ப்டன்ஷயரின் காலணித் தொழிலாளர்களிடமும் அதே நோய் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. தூசியைச் சுவாசிக்கத் தொடங்கியதற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஓடியிருந்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-ல் மரத்தூளைச் சேர்த்தது. தோல் தூசியும் பிறகு அதே பிரிவில் சேர்ந்தது. வாரம் ஒருநாள் இழைப்பவருக்கு, தினமும் எட்டு மணி நேரம் உழைத்த தொழிலாளிக்கு இருந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் ஜன்னல் சாத்திய அறையில் உப்புத்தாள் மிஷினை ஓட்டினால், ஆலையைவிட மோசமான காற்று அங்கே உருவாகலாம். அதே காற்றைத்தான் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையும் சுவாசிக்கிறது.

கேட்டுக் கேட்டுச் சலித்த நம்பிக்கைகள்

“வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி வெளியேறிவிடும்.” வெளியேறாது. வெல்லம் போவது வயிற்றுக்கு. நுண்ணிய தூசி தங்குவது நுரையீரலின் அடியாழத்தில். இரண்டுக்கும் வழி வேறு.

“மரம் இயற்கையானது, கெடுதல் செய்யாது.” தேக்கும் ஈட்டியும் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். சில மரத்தூள்கள் ஆஸ்துமாவையே தொடங்கிவைக்கும். பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளை அறுக்கும்போது தூசியோடு ஃபார்மால்டிஹைடும் வரும்.

“கைக்குட்டை கட்டினால் போதும்.” கண்ணுக்குத் தெரியும் தூளை மட்டுமே அது தடுக்கும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத தூள். அதற்கு முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் தேவை.

“கடல் காற்று எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.” வீராம்பட்டினத்துக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். பட்டறை வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் அந்தக் காற்று தூசியைக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கும்.

“பசை வாடை பழகிப்போச்சு.” பழகியது மூக்குதான். ரப்பர் பசைகளிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் நரம்பையும் ரத்தத்தையும் தொடர்ந்து தாக்கும். 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டியவர்களுக்குக் கைகால் மரத்து நடை தளர்ந்தது. பசையில் இருந்த ஹெக்சேன்தான் காரணம். 1970-களில் இஸ்தான்புல்லின் காலணித் தொழிலாளர்களுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்க்குப் பென்சீன் காரணம் என்று மருத்துவர் முஸாஃபர் அக்சோய் காட்டினார்.

“கையுறை போட்டால் விரல் தப்பும்.” சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். கல் அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டு வேலை செய்வது பட்டறைப் பழக்கங்களிலேயே ஆபத்தானது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். பிளேடு மரத்தில் சிக்கித் துள்ளினால் கையை இழுக்க நேரமே இருக்காது.

காயத்தில் காபித்தூள் எதற்கு?

உளி பட்ட கையில் காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், பற்பசை என்று அப்பிக்கொண்டு வருகிறார்கள். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழமே தெரிகிறது. தசைநாண் அறுந்திருந்தால் அதற்குள் பொன்னான நேரம் போயிருக்கும். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். வேறெதுவும் வேண்டாம்.

விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். திசு உறைந்து கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

இருமலுக்கும் அதே கதைதான். மருந்துக்கடையில் டானிக், யாரோ சொன்ன ஸ்டீராய்டு மாத்திரை, மூக்கடைப்புக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து. அந்தச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் அதுவே அடைப்பை அதிகமாக்கும். கை அரிப்புக்கு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் தோலை மெலிய வைக்கும். தூசி அப்படியே இருக்க, மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் என்ன பயன்?

எப்போது மருத்துவரிடம்?

பட்டறை நாளின் மாலையில் இருமலும் இழுப்பும் கூடி, வெளியூர் போனால் குறைகிறதா? ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்து ரத்தம் கசிகிறதா? பாதம் மரத்துப்போகிறதா? தாமதிக்காதீர்கள். நுரையீரல் திறன் சோதனை, மூக்கு உள்நோக்கி, ரத்தப் பரிசோதனை, நரம்புச் சோதனை ஆகியவற்றில் தேவையானதை மருத்துவர் முடிவு செய்வார்.

இதையாவது செய்யுங்கள்

பட்டறையைப் படுக்கையறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி வையுங்கள். முடிந்தால் வீட்டுக்கு மேற்கே, இரு பக்கமும் திறந்த கொட்டகையில் வையுங்கள். துடைப்பத்தால் உலர்ந்த தூளைப் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்கலாம், தூசி உறிஞ்சும் மிஷின் இருந்தால் இன்னும் நல்லது. பசை டப்பாவை உடனே மூடுங்கள், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் திறக்கவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

உப்புக் காற்றில் ஒயரும் பிளக்கும் சீக்கிரம் அரித்துப்போகும். 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் பொருத்துங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு மிஷினைத் தொடாதீர்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். நினைவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள். அடுத்த முறை எந்தக் குறைக்காக மருத்துவரைப் பார்த்தாலும், அவர் கேட்காவிட்டாலும், வீட்டில் பட்டறை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.