நில அதிர்வுத் திசையொவ்வாமை

நில அதிர்வுத் திசையொவ்வாமை என்பது, பாறையின் ஊடாகச் செல்லும் நில அதிர்வு அலையின் வேகம் அது செல்லும் திசையைப் பொறுத்து மாறும் பண்பாகும். விறகு பிளப்பவர்கள் இதன் ஒரு வடிவத்தை நன்கு அறிவார்கள்: மரம் நாரின் போக்கில் ஒரு வகையாகவும், குறுக்கே வேறு வகையாகவும் நடந்துகொள்ளும். இடத்துக்கு இடம் பாறை மாறுவதால் வேகம் மாறுவது வேறு. ஒரே இடத்தில், ஒரே பாறையில், திசை மாறினாலே வேகம் மாறுவது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

எல்லாத் திசைகளிலும் ஒத்த தன்மையுள்ள பாறையை விவரிக்க இரண்டு மீட்சி மாறிலிகள் போதும். திசையொவ்வாப் பொருளுக்கு 21 மாறிலிகள் வரை தேவைப்படலாம். எனவே கணக்கை எளிதாக்க, பாடநூல்கள் பெரும்பாலும் முதல் வகையையே எடுத்துக்கொள்கின்றன.

ஒலிவைனும் பாறையின் ஓட்டமும்

புவியின் மேல் மூடகத்தில் மிகுதியாக உள்ள கனிமம் ஒலிவைன். அதன் ஒற்றைப் படிகத்தில் முதன்மை அலை ஓர் அச்சின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 9.9 கி.மீ. வேகத்திலும், மற்றோர் அச்சின் வழியே ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்திலும் செல்கிறது. படிகங்கள் தாறுமாறாகக் கிடந்தால் இவ்வேறுபாடு ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடும். ஆனால் மூடகப் பாறை திண்மமாக இருந்தபடியே மிக மெதுவாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் படிகங்களின் வேக அச்சுகள் பெரும்பாலும் ஓடும் திசையை நோக்கித் திரும்புகின்றன.

1964-இல் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ், பசிபிக் கடலடியில் எடுக்கப்பட்ட அளவீடுகளில் இதை அடையாளம் கண்டார். நடுக்கடல் முகட்டுக்குச் செங்குத்தான திசையில், அதாவது கடல்தளம் விரிந்த திசையில், அலைகள் விரைவாகச் சென்றன. கடல்தளம் உருவானபோது நிகழ்ந்த ஓட்டம் பாறையில் உறைந்து நின்றது.

இரண்டாகப் பிரியும் குறுக்கலை

திசையொவ்வாப் பாறைக்குள் நுழையும் குறுக்கலை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரு அலைகளாகப் பிரிகிறது. ஒன்று முந்தி வரும். மற்றது பிந்தி வரும். முந்திய அலை அதிரும் திசை படிகங்களின் ஒழுங்கையும், கால இடைவெளி அவ்வொழுங்கின் அளவையும் காட்டும். வெளிக்கருவைக் கடந்து வரும் அலைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. திரவமான வெளிக்கருவில் குறுக்கலை செல்ல முடியாது. அங்கே அது முதன்மை அலையாக மாறி, வெளியேறும்போது மீண்டும் குறுக்கலையாகிறது. எனவே நிலநடுக்க மையத்தின் பக்கத்தில் ஏற்பட்ட பிரிவு அழிந்துவிடும். பதிவில் தெரிவது கருவிக்குக் கீழே உள்ள பாதையில் ஏற்பட்டதே.

கண்டங்களின் கீழ் இந்த இடைவெளி பொதுவாக ஒரு நொடி அளவில் இருக்கும். நொடிக்கு 4.5 கி.மீ. வேகமும் 4 விழுக்காடு திசையொவ்வாமையும் கொண்ட பாறையில் ஒரு நொடி பிந்த வேண்டுமானால், அப்பாறை ஏறத்தாழ 110 கி.மீ. தடிப்பாக இருக்க வேண்டும். சிக்கலும் இங்குதான்: வலுவான மெல்லிய அடுக்கும் வலுக்குறைந்த தடித்த அடுக்கும் ஒரே இடைவெளியைத் தரும். அடுக்கு எந்த ஆழத்தில் உள்ளது என்பதையும் ஒரே செங்குத்து அலை சொல்லாது. அது தட்டில் உறைந்த பழைய ஓட்டமா, தட்டின் அடியில் இன்று நடக்கும் ஓட்டமா என்பதில் ஆய்வாளர்கள் கருத்து வேறுபடுவதற்கு இதுவே காரணம். மேலும், ஒலிவைனில் நீர் கலந்து தகைவும் மிகுந்தால், வேக அச்சு ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பக்கூடும் என்று 2001-இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆகவே வேகமான திசையைக் கண்டதும் அதையே ஓட்டத்தின் திசையாகக் கொள்வது, தட்டுகள் அமிழும் இடங்களில் பிழையாகலாம்.

படிவுப் பாறைகளில்

மேலோட்டில் காரணங்கள் வேறு: ஒரே திசையில் அமைந்த வெடிப்புகள், மெல்லிய அடுக்குகள், தட்டையான களிமண் கனிமங்கள். களிப்பாறையில் அலை கிடையாகச் செல்லும் வேகம் செங்குத்தாகச் செல்லும் வேகத்தைவிடக் கூடுதல். எண்ணெய்த் தேடலில் இதைப் புறக்கணித்தால், அடுக்கு பெரும்பாலும் உண்மையைவிட ஆழத்தில் இருப்பதாகக் காட்டப்படும். துளையிட்ட பிறகே பிழை தெரியும். 1986-இல் லியோன் தாம்சன் முன்வைத்த எப்சிலான், டெல்டா, காமா என்னும் மூன்று அளவுருக்கள் இத்திருத்தத்தை நடைமுறைக்கு எளிதாக்கின.

உட்கருவில்

புவியின் சுழலச்சுக்கு இணையாக உட்கருவைக் கடக்கும் முதன்மை அலைகள், நிலநடுக்கோட்டுத் தளத்தில் கடப்பவற்றைவிடச் சுமார் 3 விழுக்காடு விரைவாகச் செல்கின்றன. இதை 1986-இல் திசையொவ்வாமை எனக் கொண்டு விளக்கினர். அங்குள்ள இரும்புப் படிகங்களை ஒழுங்குபடுத்தியது எது என்பது இன்னும் முடிவாகவில்லை.