சக்கரத்துக்கு பவுடர் கோட்டிங்: எங்கே பூசலாம், எங்கே பூசக் கூடாது?



நம் சடையங்குப்பத்துப் பிள்ளைகள் மணலிக்கும் எண்ணூருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் வண்டி ஓட்டிப் போகிறார்கள். உப்புக் காற்றில் சக்கரம் சீக்கிரம் பொரிந்துவிடும். அதனால் "பவுடர் கோட்டிங் போடணும், குழுவிலே கடன் வாங்கிக் கொடும்மா" என்று பையன் கேட்டால் அது வெறும் ஆடம்பரம் இல்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் அந்த வேலை என்ன என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பவுடர் கோட்டிங் என்றால் என்ன?

இதில் தின்னர் கலந்த பெயிண்ட் கிடையாது. மஞ்சள்தூள் போன்ற உலர்ந்த வண்ணப் பொடிதான். தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் அல்லவா? அதுபோல மின்னேற்றம் பெற்ற பொடி சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரத்தை அடுப்பறையில் சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வைப்பார்கள். இட்லிப் பானைச் சூடு 100 டிகிரிதான். பொடி உருகி, இறுகி, தலைமுடி கனத்துக்கு ஒரே தோலாகிவிடும்.

பூசும் முன் டயர், பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய பெயிண்டையும் துருவையும் சுத்தமாக எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கோட்டிங் உரிந்துவிடும். பேரிங் உட்காரும் இடத்தையும் போல்ட் இறுகும் இடத்தையும் சூடு தாங்கும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே கோட்டிங் ஏறினால் பேரிங் சரியாக உட்காராது, போல்ட் நாளடைவில் தளரும்.

பிரேக் தட்டில் ஏன் கூடாது?

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. நம் திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. அந்தக் காலத்து புல்லட்டில் டிரம் பிரேக். உராய்வு மூடிய டிரம்முக்குள்ளே நடக்கும். இன்றைய டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியிலேயே தெரிகிறது. அதனால்தான் அதற்கும் கலர் அடிக்க ஆசை வருகிறது.

பிரேக் பேடு அந்தத் தட்டை இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். தட்டில் கோட்டிங் இருந்தால் பிடி வழுக்கும். பிரேக் சூட்டில் அது இளகிப் பேடிலும் அப்பிக்கொள்ளும். லாரி திடீரென்று நிற்கும்போது நம் பிள்ளையின் வண்டி நிற்காது. அழகுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

பைக் டிஸ்க் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மழையில் லேசாகப் படியும் துரு, பிரேக் பிடித்தாலே போய்விடும். நடுப்பகுதி தனியாக உள்ள டிஸ்க்கில் அந்த நடுப்பகுதிக்கு மட்டும், பேடு தொடாத இடத்தில், கலர் போடலாம். ஏ.பி.எஸ். வண்டியில் சக்கரத்தோடு சுற்றும் சென்சார் வளையத்திலும் பூசக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

1. பூசும் முன் சக்கரத்தில் விரிசல், கோணல் பார்த்தீர்களா? விரிசலைக் கோட்டிங் மறைக்கும், ஒட்டாது.
2. அலாய் வீலுக்குச் சூடு எவ்வளவு? 200 டிகிரிக்கு மேல் போனால் அலுமினியம் பலம் இழக்கலாம்.
3. டிஸ்க்கைத் தனியே கழற்றி வைத்தீர்களா?
4. எந்தெந்த வேலை என்று பில்லில் எழுதித் தருவீர்களா?

இதையே தொழிலாகத் தொடங்கக் கடன் கேட்டால்

அடுப்பும் துப்பாக்கியும் மட்டும் போதாது. கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் கோட்டிங்கில் ஊசித்துளை விழும். நம் கடலோரத்தில் காற்றை உலர்த்தும் கருவி அவசியம். காற்றில் பறக்கும் பொடி தீப்பொறி பட்டால் வெடிக்கும். தூசியை இழுக்கும் வசதி வேண்டும். சாதாரண மணலை அடித்துத் துரு எடுத்தால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. மூடிய பெட்டியில் வேலை செய்வதும் சரியான முகக்கவசமும் திட்டச் செலவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தீர்மானம் போடுங்கள்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சக்கரத்துக்கு எந்தக் கலர் வேண்டுமானாலும் போடட்டும், பேடு உரசும் தட்டு மட்டும் வெறும் இரும்பாகவே இருக்கட்டும்.