‘தப்பே செய்யலையே, லாயர் எதுக்கு?’

நான் இரண்டாம் படிவம் படித்தபோது, சிகாமட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனைத் திருட்டுப் புகாரின் பேரில் போலீசார் கைது செய்தனர். “ஒரு லாயரைப் பார்ப்போம்” என்றார் என் அப்பா. அண்ணனின் அம்மா மறுத்துவிட்டார். “என் பிள்ளை தப்பே செய்யலையே, லாயர் எதுக்கு? லாயரோட போனா சந்தேகம்தான் வரும்!”

நான்கு நாள் தடுப்புக் காவலுக்குப் பின், குற்றச்சாட்டு எதுவுமின்றி அண்ணன் வீடு திரும்பினார். அந்த நான்கு நாளும் அவர் பக்கம் பேச ஆளில்லை.

இன்று சட்டம் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கைதானவர் எல்லாரும் குற்றவாளி அல்லர். குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை. லாயர் வைப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, அது உரிமை.

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், விரும்பிய வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலை நீட்டிக்கலாமா, எத்தனை நாள் என்பதை மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்வார். ‘இத்தனை நாள் தேவையில்லை’ என்று அங்கே வாதாடத்தான் லாயர் வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, விசாரணைக்கு முன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லலாம். மிகச் சில சூழல்களில் மட்டுமே உயர் அதிகாரி இதைத் தள்ளிவைக்க முடியும். 18 வயதுக்குட்பட்டவர் கைதானால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம்.

நாம் எங்கே இருக்கிறோம் என்பது வெளியே தெரிந்திருப்பது ஏன் முக்கியம்? 2009 ஜனவரியில், 22 வயது அ. குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவருடைய தாயார் தொடுத்த வழக்கில், 2013-இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீதி வந்தது, மகன் வரவில்லை.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைதாகும் மலேசியர்களுக்கு லாயர் உதவி தருகிறது.

மாணவர்களே, கைது செய்ய வந்தால் முரண்டு பிடிக்காதீர்கள். பெயரையும் அடையாள அட்டை விவரத்தையும் சொல்லுங்கள். உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம்.

இன்றே இன்னொன்றும் செய்யுங்கள்: அம்மா அல்லது அப்பாவின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கைப்பேசி உங்கள் கையில் இருக்காது.